ஹாட் யோகாவில் முன்னேற்றத்தை அளப்பது: சில ஆண்டுகளின் அனுபவம்

சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகா வகுப்புக்குத் தொடர்ந்து போகிறவர்கள் சில மாதங்களில் ஒரே கேள்விக்கு வந்துசேர்கிறார்கள்: உண்மையில் முன்னேறுகிறோமா? ஒரு நாள் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்க முடிகிறது. மறுநாளே அதே கால் தள்ளாடுகிறது. சூடு, தூக்கம், குடித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு வகுப்பையும் வேறொன்றாக்கிவிடுகின்றன. சில ஆண்டுகளாக இந்தப் பயிற்சியைச் செய்துவருகிறேன். இந்தக் காலத்தில் எடைக்கருவி, ஸ்மார்ட் வாட்ச், புகைப்படம், அளவுநாடா, ஒரு சாதாரண நோட்டு என்று பலவற்றையும் வைத்து முன்னேற்றத்தைக் குறித்துப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடான அறைக்குள் எளிதாகக் கிடைக்கிற எண்கள் பெரும்பாலும் சூட்டைத்தான் அளக்கின்றன. மூச்சு, களைப்பிலிருந்து மீளும் வேகம், உடல் குளிர்ந்திருக்கும்போது எடுக்கும் அளவு ஆகிய மூன்றும்தான் பயிற்சியைப் பற்றிப் பேசுகின்றன.

நான் செய்வது 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட வரிசை. 1970-களில் யோகா ஆசிரியர் பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பிய முறை இது. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பம், 40 சதவீத ஈரப்பதம், 90 நிமிடம். இந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இன்று வேறு பெயர்களிலும் பல இடங்களில் இதே வரிசை கற்பிக்கப்படுகிறது. வரிசை மாறுவதே இல்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. முன்னேற்றத்தைக் குறித்துவைக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. நின்று செய்யும் மூச்சுப் பயிற்சியில் தொடங்கி, அர்த்த சந்திராசனம், உட்கடாசனம், கருடாசனம் என்று போய்க் கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சியில் முடியும்வரை, ஒவ்வொரு நாளும் அதே ஆசனம் ஏறக்குறைய அதே நிமிடத்தில் வருகிறது. பெரும்பாலான ஆசனங்கள் இரண்டு முறை வருகின்றன. போன மாதத்து உஷ்ட்ராசனத்தை இந்த மாதத்து உஷ்ட்ராசனத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். வகுப்புக்கு வகுப்பு ஆசனங்கள் மாறும் முறைகளில் இது கடினம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தொடக்க வாரங்களின் குறிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த நாட்களில் தெரியும் வேகமான மாற்றத்தில் பெரும்பகுதி, உடல் வெப்பத்துக்குப் பழகுவதால் வருகிறது. அடிக்கடி வெப்பத்தில் உழைக்கும்போது ரத்தத்திலுள்ள திரவத்தின் அளவு கூடுகிறது. வியர்வை சீக்கிரமாகத் தொடங்குகிறது, அதிகமாகவும் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. அதே உழைப்புக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் வெப்பத்தில் உழைத்தால் இரண்டு வாரங்களில் இதில் பெரும்பாலானது நடந்துவிடும். சில வாரங்கள் விட்டுவிட்டால் கரைந்தும்விடும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வகுப்பு மலையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆசனத்தில் சேர்த்த பலம் எங்கும் போயிருக்காது. வெப்பப் பழக்கம்தான் போயிருக்கும். இது தெரியாமல், இடைவெளிக்குப் பின் வந்த முதல் வகுப்போடு மனம் உடைந்து நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம் தரும் விஷயம் அது. முன்பைவிட அதிகமாக வியர்க்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: உடல் நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

எடைக்கருவியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வகுப்புக்கு முன்னும் பின்னும் உலர்ந்த உடலோடு எடை பார்த்தால், இழந்த வியர்வை தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவில் இது அருமையான கருவி. இழப்பு உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டுகிறது என்றால், வியர்த்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று புரிந்துகொள்கிறேன். அதற்காக வகுப்பின் நடுவே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துவிடும். ஆனால் இந்த எண்ணை உடல் மெலிந்ததாகக் கொண்டாடுவதில் பொருளில்லை, மாலைக்குள் அது திரும்பி வந்துவிடும். இந்த வரிசையின் 90 நிமிட வகுப்பை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, செலவான ஆற்றல் சராசரியாக ஆண்களுக்கு 460 கலோரி, பெண்களுக்கு 330 கலோரி என்று வந்தது. ஆயிரம் கலோரி என்று காதில் விழும் பேச்சுக்கும் இதற்கும் நிறைய தூரம்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கைக்கடிகாரம் ஒரு விடை. ஸ்மார்ட் வாட்ச் பெரும்பாலும் நாடித்துடிப்பை வைத்தே கலோரியைக் கணக்கிடுகிறது. சூடான அறையில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், தசை அதிகம் உழைக்காதபோதும் துடிப்பு ஏறுகிறது. கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஏறிய துடிப்பு எல்லாவற்றையும் உழைப்பாகவே கணக்கில் சேர்த்துவிடும். போதாததற்கு மணிக்கட்டை மடக்கும் ஆசனங்களிலும் வியர்வை வழியும்போதும் அதன் ஒளி உணரி தடுமாறுகிறது. வகுப்புக்குள் கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டேன். வெளியே அது நல்ல துணை: காலையில் எழுந்தவுடன் எடுக்கும் ஓய்வு நாடித்துடிப்பு. அது வழக்கத்தைவிட ஏறியிருந்தால் முந்தைய வகுப்பின் களைப்போ தூக்கக் குறைவோ மிச்சமிருக்கிறது; அன்று ஆசனங்களைப் பாதி ஆழத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

வகுப்புக்குள் எனக்குப் பிடித்த அளவுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நின்று செய்யும் ஆசனங்கள் முடிந்ததும், மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் இரண்டு நிமிடம் வரும். படுத்தவுடன் கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணுகிறேன், எழுவதற்கு முன் மறுபடியும் எண்ணுகிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய மீட்சி. தொடக்க மாதங்களில் அந்த இரண்டு நிமிடம் முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும், துடிப்பு இறங்க மறுக்கும். பிறகு படிப்படியாக இறக்கம் கூடியது. ஆசனத்தின் தோற்றத்தில் ஒரு மாற்றமும் தெரியாத மாதங்களில்கூட இந்த எண் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கும் நகராமல் நிற்கிறோம் என்று தோன்றும் காலத்தில் என்னை வகுப்புக்கு அழைத்துப்போனது இந்த ஒரு எண்தான்.

இனி ஆழம். எல்லோரும் முதலில் அளக்க விரும்புவது இதைத்தான்: எவ்வளவு குனிந்தேன், தலை முட்டியைத் தொட்டதா, கை தரையைத் தொட்டதா. சூட்டில் தசையும் அதைச் சுற்றியுள்ள இழையும் எளிதாக நீள்கின்றன. எனவே அறைக்குள் எடுத்த புகைப்படம் அறையின் வெப்பத்தையும் சேர்த்தே படம் பிடிக்கிறது. நெகிழ்வை நான் வீட்டில், வகுப்பில்லாத நாளில், உடல் குளிர்ந்திருக்கும்போது அளக்கிறேன். பாதங்களைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்து, முட்டியை மடக்காமல் குனிந்து, விரல்நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நாடாவால் எடுக்கிறேன். நாளின் அதே நேரத்தில் எடுப்பது முக்கியம், காலையில் உடல் இறுக்கமாகவும் மாலையில் தளர்ந்தும் இருக்கும். இந்த எண் மிக மெதுவாக நகரும். மெதுவாக நகர்வதால்தான் அதை நம்புகிறேன். முன்பு சொன்ன கொலராடோ குழுவினரே 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 8 வாரங்களில் 24 வகுப்புகள் செய்த இளைஞர்களுக்கு கீழ்முதுகு, பின்தொடை, தோள்பட்டை ஆகியவற்றில் நெகிழ்வும், தரையிலிருந்து எடை தூக்கும் பலமும் கூடியிருந்தன. நாடாவில் தெரியும் மாற்றத்தை மாதக் கணக்கில் எதிர்பார்ப்பது நியாயம். வாரக் கணக்கில் எதிர்பார்ப்பது அவசரம்.

அறைக்குள் ஆழத்துக்குப் பதிலாகப் படிநிலையை எழுதுகிறேன். தண்டாயமான ஜானுசீர்ஷாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படி, நிற்கும் காலின் தொடைத்தசையை இறுக்கி, முட்டி மடங்காமல் நின்று, மற்றொரு பாதத்தைக் கைகளால் பிடிப்பது. இரண்டாவது, அந்தக் காலை முன்னே நீட்டுவது. மூன்றாவது, முழங்கைகளை மடக்கிக் கீழே இறக்குவது. கடைசியில் நெற்றி முட்டியைத் தொடுவது. நிற்கும் கால் உறுதியாக இல்லாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்று நல்ல ஆசிரியர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்: “வலது 2, இடது 1, முழு நேரமும்”. முழு நேரமும் என்பது ஆசிரியர் மாற்றச் சொல்லும்வரை விழாமல் நின்றதைக் குறிக்கிறது. நெற்றி முட்டியைத் தொட்டு மூன்று விநாடியில் விழுவதைவிட, முதல் படியில் முழு நேரமும் அசையாமல் நிற்பதற்கு என் நோட்டில் மதிப்பு அதிகம். வலதையும் இடதையும் பிரித்து எழுதத் தொடங்கிய பிறகுதான், என் இடது இடுப்பு எல்லா ஆசனத்திலும் பின்தங்குவது கண்ணில் பட்டது. கருடாசனத்திலும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்திலும் துலாதண்டாசனத்திலும் ஒரே பக்கம். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத ஒற்றுமை அது.

நோட்டில் எனக்கு மிக அருமையான வரி, மூச்சு எங்கே உடைந்தது என்பது. மூக்கு வழியாகச் சீராகப் போய்க்கொண்டிருக்கும் மூச்சு, ஏதோ ஓர் ஆசனத்தில் வாய் வழியாக வெடித்து வெளியே வரும். அந்த ஆசனத்தின் பெயரை மட்டும் எழுதிவைக்கிறேன். தொடக்கத்தில் அது துலாதண்டாசனம். பத்து விநாடிதான் நிற்க வேண்டும், அதற்குள் வாய் திறந்துவிடும். பின்னர் திரிகோணாசனத்துக்குத் தள்ளிப்போனது. இப்போது பல நாட்களில் தரையில் செய்யும் ஆசனங்கள் வரை மூச்சு உடைவதில்லை. உடைந்தால் சலபாசனத்திலோ உஷ்ட்ராசனத்திலோதான். ஒரே ஒரு ஆசனப் பெயர், நாள் தவறாமல். பக்கங்களைப் புரட்டும்போது அந்தப் பெயர் வகுப்பின் பின்பகுதியை நோக்கி நகர்ந்திருப்பதைப் பார்க்கலாம். வேறு எந்த எண்ணும் என்னை இந்த அளவுக்கு மகிழ்வித்ததில்லை.

அதன் பக்கத்திலேயே அறையைப் பற்றிச் சில சொற்கள்: எந்த இடத்தில் நின்றேன், வெப்பம் வரும் பக்கமா, கதவருகா, அறை நிரம்பியிருந்ததா. ஒரே வெப்பநிலையில்கூட ஈரப்பதம் ஏறினால் வியர்வை ஆவியாவது குறைகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆள் நிறைந்த அறையில் வகுப்பு கனமாக இருப்பது மனப்பிரமை கிடையாது. முந்தைய இரவின் தூக்கத்தையும் ஒரு சொல்லில் எழுதிவிடுவேன்.

மாதம் ஒருமுறை இதே வரிசையைச் சாதாரண வெப்பநிலையில் வீட்டில் செய்து பார்ப்பதை எல்லோருக்கும் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். இதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி இல்லாதிருந்த நடுவயதினரை 12 வாரங்களுக்கு இந்த வரிசையைச் செய்யவைத்தார்கள். ஒரு குழு 40.5 டிகிரியில், இன்னொன்று 23 டிகிரியில். ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் இரு குழுக்களிலும் மேம்பட்டது. அந்தப் பலனுக்குச் சூடு தேவைப்படவில்லை. எனக்குச் சூடான அறை பிடிக்கும், அதை விடும் எண்ணமும் இல்லை. ஆனால் குளிர்ந்த அறையில் தனுராசனம் எவ்வளவு எழும்புகிறது, ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பவை எனக்கே சொந்தமானவை. வெப்பம் கடன் கொடுத்த பகுதி அதில் இல்லை.

கடைசியாக, குறிப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டியது மறுநாள் வலி. தசை அளவுக்கு மீறி இழுபடும்போது வரும் எச்சரிக்கையைச் சூடு மங்கச்செய்கிறது. குனியும் ஆசனங்கள் நிறைந்த இந்த வரிசையில், உட்காரும் எலும்பருகே பின்தொடைத் தசைநாண் தொடங்கும் இடத்தில் வலி வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தசையின் நடுவே வரும் பொதுவான இறுக்கம் வேறு, எலும்போடு சேரும் இடத்தில் வரும் கூர்மையான வலி வேறு. இரண்டாவது வகை தொடர்ந்து இரண்டு வகுப்புக்குப் பின் நோட்டில் வந்தால், அது அடங்கும்வரை குனிவதைப் பாதியாக்குகிறேன். அறைக்குள் தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் உட்கார வேண்டும். அது தணியாவிட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, வியர்வை திடீரென்று நின்றாலோ உடனே வெளியே வந்து உடலைக் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் மருத்துவ உதவி தேட வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போகவே வேண்டாம். செய்யாமல் உட்கார்ந்துவிட்ட ஆசனங்களையும் நோட்டில் எழுதுகிறேன், சிவப்பு மையில் அல்ல, மற்றவற்றுக்குப் பயன்படும் அதே மையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களை ஆசிரியரிடம் காட்டுகிறேன். இடது இடுப்புக்கு இப்போது அவர் கொடுத்திருக்கும் வேலை, தரையில் செய்யும் பவனமுக்தாசனத்தில் அந்தப் பக்கம் கூடுதலாகச் சில மூச்சுகள் இருப்பது. அடுத்த முறை நோட்டைக் கொண்டுபோகும்போது கருடாசனத்தின் இடது பக்க வரிகளைத்தான் முதலில் பார்க்கப்போகிறோம்.