29.1 டிபி என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்

சேலத்தில் கல்யாண வீடியோ எடுத்து, மிக்ஸிங் செய்து பிழைப்பவன் நான். எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு ரெய்டு பெட்டி, அதாவது பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் பெட்டி, வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 84,000 ரூபாயும் ஓர் ஏற்காட்டுக் கல்யாணமும் என் கையை விட்டுப் போன கதை இது.

எங்கள் தொழிலில் ஆடி மாதம்தான் மூச்சு விடும் நேரம். முகூர்த்தம் இருக்காது. கேமரா சர்வீஸ், பாக்கி வசூல், புதுச் சாமான் வாங்குவது எல்லாம் அப்போதுதான். ஊரே கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்க, நான் ஆடித் தள்ளுபடியை நம்பிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதுவரை என் மேசை நிறைய யுஎஸ்பி டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி 'ஓமலூர் ரிசப்ஷன்', 'ஆத்தூர் சீர்' என்று எழுதி வைத்திருப்பேன்.

நான் கேட்டது இதுதான்: நாலு டிஸ்க் போடும் பெட்டி, நாலு 8 டிபி (டெராபைட்) நாஸ் டிஸ்க் (இப்படிப்பட்ட பெட்டியில் ஓயாமல் ஓடுவதற்கென்றே செய்த ரகம்), டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை ரெய்டு 5. அதில் ஒரு டிஸ்க் செத்தாலும் மீதி மூன்றை வைத்து, செத்ததில் இருந்ததைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அதற்குக் கூலியாக ஒரு டிஸ்க் அளவு இடம் போய்விடும், கையில் நிற்பது 24 டிபி. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"இதுல ஹார்ட்வேர் ரெய்டே இருக்குதுங்ண்ணா. ஒண்ணு போனாலும் நீங்க பயப்பட வேண்டியதில்ல. ஸ்பீடும் பறக்கும்" என்றார் கடைக்காரர். அவரே டிஸ்க்குகளை மாட்டி, ஃபார்மட் செய்து, 'பிரித்தால் வாரண்டி கிடையாது' என்ற ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தார். பில்லில் 'ஸ்டோரேஜ் 32 டிபி' என்று ஒரே வரி. டிஸ்க்கின் மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

வீட்டில் மாட்டியதும் விண்டோஸ் 29.1 டிபி என்று காட்டியது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். மடையன். டிஸ்க் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 32 என்பது 29.1 ஆகத் தெரியும். ரெய்டு 5 போட்டிருந்தால் 24 தான் மிச்சம், அது 21.8 என்று தெரிந்திருக்க வேண்டும். 29.1 என்றால் நாலு டிஸ்க்கின் இடமும் முழுசாகக் கையில் இருக்கிறது, பாதுகாப்புக்கென்று ஒரு துளிகூட ஒதுக்கவில்லை என்று அர்த்தம். அந்த எண் இரண்டு மாதத்துக்கு மேல் என் கண்முன் இருந்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம். மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு சிவப்பு. நான் பயப்படவில்லை. ஒன்று போனாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார் அல்லவா, தெருமுனைக்குப் போய் நிதானமாகத் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் அந்த டிரைவே இல்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கம் அந்தச் சின்ன சுவிட்ச் கண்ணில் பட்டது. எந்த ரெய்டு என்று அதில்தான் முடிவாகிறது. அது ரெய்டு 0 இல் இருந்தது. பேர்தான் ரெய்டு, ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும். ஒன்று செத்தால் எந்த கிளிப்பிலும் நாலில் ஒரு துண்டு இருக்காது. மீதி மூன்றும் நன்றாக இருந்து பிரயோஜனமில்லை.

கடைக்குப் போனேன். "நீங்கதானேங்ண்ணா ஸ்பீடு வேணும்னீங்க" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்க அவசியமும் இல்லை. எங்கள் கேமரா 4கே எடுப்பது 100 எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 12.5 மெகாபைட். மூன்று கேமராவை ஒரே டைம்லைனில் ஓட்டினாலும் 40ஐத் தொடாது. சாதாரண ஒற்றை டிஸ்க்கே 150 கொடுக்கும். எடிட்டிங்கில் திணறுவது பெரும்பாலும் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான். ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் சின்ன அளவில் எடுக்கும் நகல்) போட்டு ஒரு எஸ்எஸ்டியில் வைத்தால் தீர்கிற விஷயம்.

ஸ்டிக்கரைக் கிழித்து டிஸ்க்குகளைக் கழற்றினேன். பெட்டிக்குள் இருந்தவரை நாலும் சேர்ந்து ஒரே டிஸ்க்காகத் தெரிந்ததால் தனித்தனியாக ஆரோக்கியம் பார்க்க வழியில்லாமல் இருந்தது. உயிரோடு இருந்த மூன்றையும் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டி, டிஸ்க்கின் ஆரோக்கியம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், ஒன்று 31,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. மூன்றரை வருஷம்! நான் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டும் அதற்குச் சளைத்தவை அல்ல.

எதுவும் நாஸ் டிஸ்க்கும் இல்லை. மாடல் நம்பரைத் தேடினால், மேசைக் கம்ப்யூட்டருக்கான எஸ்எம்ஆர் ரகம். கூரைக்கு ஓடு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது அது. நடுவில் ஓர் ஓடு மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் எடுக்க வேண்டுமே, அதே கதைதான். பழைய ஃபைல்களைப் போட்டு வைக்க ஆகும், ரெய்டு 5க்கு ஆகாது. செத்ததற்குப் பதில் புது டிஸ்க் போட்டு, போனதை அதில் மறுபடி எழுதும்போது (ரீபில்ட்) நாள்கணக்கில் இழுக்கும். தடங்களை ஏற்றாமல் பக்கம் பக்கமாக எழுதும் நல்ல சிஎம்ஆர் டிஸ்க் என்றால் 8 டிபிக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். இன்னொன்று, நாஸ் டிஸ்க் ஓரிடத்தில் படிக்க முடியாவிட்டால் சில விநாடிகளில் கைவிட்டு, பெட்டியில் டிஸ்க்குகளை மேய்க்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லிவிடும். மேசை டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், கன்ட்ரோலர் அது செத்துவிட்டதென்று வெளியே தள்ளிவிடும். ஆக, நான் கேட்டபடியே அந்த ஆள் ரெய்டு 5 போட்டுக் கொடுத்திருந்தாலும் இந்த டிஸ்க்குகளோடு ரொம்ப நாள் ஓடியிருக்காது.

செத்த டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினேன். உள்ளே தட்டில் கீறல், ஒன்றும் எடுக்க முடியாது என்று திரும்பி வந்தது.

போனது ஆவணியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் எடுத்த கல்யாணம். கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டேன். வேறு நகல் வைக்கவில்லை. அது என் தப்பு, கடைக்காரர் தலையில் கட்ட மாட்டேன். பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. "மறுபடி தாலி கட்டச் சொல்லவா முடியும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். டிரோன் ஓட்டும் பையன் சோம்பேறித்தனத்தில் கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பனிக்கு நடுவே பந்தல் தெரியும் பதினோரு நிமிடம் கிடைத்தது.

இப்போது நான் செய்வது: பில்லில் நாலு சீரியல் நம்பரும் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. அங்கேயே கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி பார்க்கிறேன். புதுப் பெட்டி வந்ததும் தேவையில்லாத ஃபைல்களை ஏற்றி, அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மீதி மூன்றோடு பெட்டியை மறுபடி ஆன் செய்கிறேன். ஃபைல் திறந்தால்தான் அது ரெய்டு 5. கல்யாணம் அதற்கப்புறம்தான் உள்ளே போகும், அதுவும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் செல்லும், 2019 சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கு நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

பெட்டியை ஒரு மஞ்சப் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். பின்னால் உள்ள சுவிட்சை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டியாயிற்று.