அளவு பிழைத்தால் யாரிடம் போவது?

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் கடுநீல நிறச் சேர்ட் ஒன்று மடிப்புக் குலையாமல் கிடக்கிறது. விலை 3,450 ரூபாய், கூரியர் கூலி 450 வேறு. தொலைபேசியில் படம் பார்த்து என் கணவருக்காக நான் எடுத்தது. ஒரேயொரு தடவை போட்டார். நெஞ்சுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, “இனி மூச்சு விடலாமா?” என்று கேட்டார். அன்று கழற்றி வைத்ததுதான்.

கடந்த ஆவணியில் தங்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு. கணவருக்கு ஒரு சேர்ட், மகனுக்கு நீளக் காற்சட்டை, மகளுக்குப் பாவாடை சட்டை, எனக்கு ஒரு சேலை என்று நான்கு பேருக்கும் உடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது விசுவமடுவில், ஏ 35 வீதியை விட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே வரவேண்டிய இடம். கிளிநொச்சிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும் காலமாகவும் அது இருந்ததால், சேலையையும் சேர்ட்டையும் இணையத்தில் எடுத்தேன். பிள்ளைகளுடையதைக் கிளிநொச்சிக் கடையில் எடுத்தோம். ஒரே கொண்டாட்டத்துக்கு இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. நான் இப்போது கடைப்பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையை எதிர்பார்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

விலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதிலிருந்து எங்கே வாங்கினாலும் கை கடிக்கத்தான் செய்கிறது. இணையத்தில் நூறு இருநூறு குறையும், கூரியர் கூலி அதை விழுங்கிவிடும். கடைக்குப் போனால் பஸ் காசும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் ரோல்ஸும் ஐஸ்கிரீமும் அதே கணக்குக்கு வரும். தெரிவு இணையத்தில்தான் அதிகம். அதிலும் சந்தேகமில்லை. பள்ளிச் சீருடை இந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. துணியை அரசாங்கம் தருகிறது, நாங்கள் தையற்கூலிதான் கொடுக்கிறோம்.

கடைக்காக வாதாடுபவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் நியாயம், போட்டுப் பார்த்து எடுக்கலாம் என்பது. உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அது பெயரளவில்தான். உடுப்பு மாற்றும் அறை என்பது மூலையில் ஒரு திரைச்சீலை. உள்ளே போனால் பாதி இடத்தில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கும், மின்விசிறி இருக்காது. வைகாசி வெயிலில் வியர்வையோடு ஒரு பஞ்சாபியை மாட்டிக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீபாவளி நெருங்கும் நாட்களில் அந்த மூலையும் சரக்கு வைக்க எடுபட்டுவிடும். ஆகவே நாங்கள் உண்மையில் செய்வது, சேர்ட்டை முதுகில் வைத்துத் தோளுக்குத் தோள் பார்ப்பது, காற்சட்டையின் இடுப்பைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பது. மகனுக்கு அப்படித்தான் எடுத்தோம். அது சரிவரவும் இல்லை.

இரண்டு வழியிலும் உடுப்பைச் சரியாகப் போட்டுப் பார்ப்பது வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால்தான். இரண்டிலும் பிழை வந்தது. பிழைத்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் இரண்டும் வேறு வேறு திசையில் போயின.

முதலில் சேர்ட்டின் கதை. விற்பவர் போட்டிருந்த அளவு அட்டையில் ‘எல்: நெஞ்சு 40 அங்குலம்’ என்று இருந்தது. அளவுநாடாவை எடுத்துக் கணவரைச் சுற்றி அளந்தேன், சரியாக 40. திருப்தியோடு அழுத்திவிட்டேன். அந்த 40 உடம்பின் அளவில்லை, தைத்த உடுப்பின் சுற்றளவு என்பது பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் விளங்கியது. கை தூக்க, குனிய, சோறு சாப்பிட்டு எழும்ப, உடம்பைவிட மூன்று நான்கு அங்குலமாவது உடுப்புக் கூடுதலாக இருக்க வேண்டும். அளவு அட்டைகளில் சில உடம்பின் அளவைச் சொல்கின்றன, சில உடுப்பின் அளவைச் சொல்கின்றன; எது என்று எழுதியிருப்பதை நான் அரிதாகவே பார்க்கிறேன். சீனத்திலிருந்து வரும் உடுப்புகளில் இது இன்னும் மோசம். அங்கத்தைய ‘எக்ஸ்எல்’ எங்கள் ‘எம்’ அளவுக்குத்தான் நிற்கிறது.

மாற்றித் தருவோம் என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பொய்யில்லை. செய்தி அனுப்பினேன், இரண்டு நாளில் பதில் வந்தது. நான் என் செலவில் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்துவிட்டுப் பெரிய அளவை அனுப்புவார்கள், அதற்குக் கூரியர் கூலியை மறுபடி நான் கட்ட வேண்டும். போக 450, வர 450. அனுப்புவதற்குக் கிளிநொச்சியில் உள்ள கூரியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடைக்குப் போகாமல் தப்புவதற்காக எடுத்த சேர்ட்டை மாற்ற, கடைத்தெருவுக்கே போக வேண்டும்! போதாக்குறைக்கு அந்த நிறத்தில் பெரிய அளவு முடிந்துவிட்டது என்று அடுத்த நாள் இன்னொரு செய்தி. கொண்டாட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கும் முறைதானே, பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். எனக்கு வந்த பொட்டலம் எதையும் காசு கொடுப்பதற்கு முன் பிரிக்க விட்டதில்லை. பொட்டலம் கொண்டுவரும் தம்பியைக் குறைசொல்லவும் முடியாது. மதகடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அக்கா, உள்ளே பாதை சேறு, பிள்ளையார் கோவிலடிக்கு வருவீர்களா?” என்று அழைப்பார். அவருக்கு இன்னும் முப்பது பொட்டலம் இருக்கும். நடுவீதியில் நின்று சேர்ட்டைப் பிரித்து நெஞ்சில் வைத்துப் பார்க்க எனக்கும் முகம் வராது.

இனி மகனின் காற்சட்டை. வீட்டில் போட்டபோது இடுப்பு இறுக்கம். இரண்டு நாள் கழித்துக் கிளிநொச்சிக்கு வேறு அலுவலாகப் போன கணவர் பையோடு கொண்டு போனார். கடை முதலாளி சிட்டையைக்கூடக் கேட்கவில்லை. “ரீச்சரின் மகனுக்கு எடுத்ததுதானே, அன்றைக்கே நினைத்தேன்” என்று சொல்லி, அடுத்த அளவில் இரண்டு காற்சட்டையைக் கட்டிக் கொடுத்து, “இரண்டையும் போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எப்போதாவது வரும்போது தாருங்கள்” என்றாராம். காசு மேலதிகமாக வாங்கவில்லை. கொப்பியில் ஒரு வரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பி சாதாரணமானதில்லை. காலபோக நெல் வெட்டி விற்றுக் காசு கைக்கு வரும்வரை பல குடும்பங்களின் தைப்பொங்கல் உடுப்பு அதற்குள்தான் இருக்கும். எந்த இணையக் கடையும் மாசி அறுவடையை நம்பி மார்கழியில் சேலை தராது. இதற்கு மறுபக்கமும் உண்டு: கொப்பியில் பெயர் இருப்பவர் விலை பேசக் கூசுவார், அடுத்த கடைக்குப் போகவும் தயங்குவார். எங்கள் அம்மா அப்படித்தான் ஒரே கடையில் முப்பது வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அளவு பிழைத்தால் யாரிடம் போவது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யலாமே என்றால், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெரிய உடுப்பை உள்ளே பிடிக்கலாம். சிறியதை விரிக்க, தையலின் உட்புறம் துணி விட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அந்த நீலச் சேர்ட்டை அவளிடம் காட்டினேன். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை, எடுத்தவுடன் உள்வெளியாகப் புரட்டினாள். பக்கத்தையலை இரண்டு பெருவிரலாலும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினாள். நூலுக்கு நடுவே பல் பல்லாக வெளிச்சம் தெரிந்தது. “ஓரம் பின்னும் ஓவர்லொக்கோடு வெட்டிவிட்டார்கள் அக்கா, அரை அங்குலம்கூட இல்லை. இதில் விரிக்க ஒன்றுமில்லை” என்றாள். பிறகு தோள் மூட்டைத் தொட்டு, “இடுப்பு, நீளம், கை எல்லாம் மாற்றலாம். தோள் பிழைத்தால் உடுப்பே பிழைத்த மாதிரி” என்றாள். படத்தைப் பார்த்து வாங்குபவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: ஐயம் இருந்தால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள், தோள் அளவை மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

துணியின் தரத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது கடையின் இன்னொரு வசதி. பருத்தி என்று எழுதி ரேயோன் அனுப்பினால் படத்தில் எப்படித் தெரியும்? அது முதல் தோய்ப்பிலேயே சுருங்கும். பொலியெஸ்டர் என்றால் எங்கள் வெக்கையில் முதுகோடு ஒட்டும். எனக்குத் தெரிந்த ஒரு வயதான கடைக்காரர், கேட்டால் துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் காட்டுவார். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக உருண்டால் பொலியெஸ்டர். ரேயோனும் கடதாசி போலத்தான் எரியும் என்பதால் அந்தச் சோதனையில் அது பிடிபடாது என்பதையும் அவரே சொல்வார். எல்லாக் கடையிலும் இப்படி நெருப்புக்குச்சி எடுக்க விடமாட்டார்கள், முயற்சிக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் சேலை இணையத்தில் எடுத்ததுதான், அது நல்ல சேலை. சேலைக்கு அளவு இல்லை. சேலைச் சட்டையை எப்படியும் ஊரில்தான் தைக்கிறோம். படத்தில் மாம்பழ நிறமாக இருந்தது நேரில் கொஞ்சம் மஞ்சளாக வந்தது, ஆனால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தினமும் சேலை உடுத்திப் பள்ளிக்கூடம் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வழி கைகொடுக்கிறது. உள்ளாடைக்கும் நான் இணையத்தின் பக்கம்தான். மேசைக்கு அந்தப்பக்கம் பதினெட்டு வயதுப் பையன் நிற்க, இந்தப்பக்கம் அவன் என் பழைய மாணவன் என்ற உண்மையும் நிற்க, அளவைச் சொல்லிக் கேட்பது எப்படி? போரில் ஒரு காலை இழந்த எங்கள் பெரியப்பா மகனும் சேர்ட்டை இணையத்தில்தான் எடுக்கிறார். ஆண்களின் உடுப்பை மேல்மாடியில் வைத்திருக்கும் கடைகளின் படிகளை நினைத்தாலே அவருக்கு எரிச்சல். அவரைப் போன்றவர்களிடம் போய்க் கொப்பியின் பெருமையைப் பேச என்னால் முடியாது. கலியாண உடுப்பு, கோட் போன்றவை பற்றி நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் அதற்கு வேளை வரவில்லை. வெளிநாட்டுத் தளங்களில் நேரடியாக வாங்கியதும் இல்லை.

தீபாவளிக்கு மகள் தொலைபேசியில் ஒரு பாவாடை சட்டையைக் காட்டி அடம் பிடித்தாள். படத்தை அப்படியே கடை முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன், பார்க்கிறேன் என்று குரல்பதிவு வந்தது. நான்காம் நாள் மாலை புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்து இறங்கியது. ஒரே மாதிரியில் மூன்று அளவு. நடுவிலுள்ளது மகளுக்குச் சரி. மற்ற இரண்டையும் மறுநாள் காலை அதே பஸ்ஸில், நடத்துநரின் கையில் நூறு ரூபாயை வைத்துத் திருப்பி அனுப்பினேன்.