மலைநாட்டு நிழற்பூங்கன்று வாங்குவோர் கவனத்திற்கு

நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லி, அசேலியா, கமேலியாப் பூங்கன்றுகளைப் பட்டா எனப்படும் சிறிய லொறியில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் விற்றுத் திரிகிறார்கள். வாங்க நினைப்பவர்கள் இதனை வாசித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த மாசியில் எங்கள் படலையடிக்கு வந்த வியாபாரியிடம், கிணற்றடி மாமரத்தின் கீழ் எதுவும் பூப்பதில்லை என்று சொன்னேன். உடனே அவர், "இது நிழலுக்கென்றே உள்ள கன்று அம்மா, வருசம் முழுக்கப் பச்சையாய் நிற்கும், சித்திரைக்கு இலை தெரியாமல் பூக்கும்" என்றார். இந்த மண்ணுக்குச் சரிவருமா என்று கேட்டதற்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் பல வீடுகளில் நன்றாக நிற்பதாகவும், பட்டுப்போனால் மாற்றித் தருவதாகவும் உறுதி கூறினார். கன்று ஒன்றின் விலை 2,500 ரூபாய்.

இவை நிழலை விரும்புபவை என்பதும், இலையுதிர்க்காமல் இளவேனிலில் பூப்பவை என்பதும் உண்மையே. ஆனால் அதெல்லாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், தேயிலை செழிக்கும் அமில மண்ணில் நடப்பது; கமேலியாவும் தேயிலையும் ஒரே பேரினம். இவற்றுக்கு மண்ணின் அமில, கார அளவைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 4.5 இற்கும் 6 இற்கும் இடையில் இருக்க வேண்டும். எங்கள் செம்பாட்டு மண்ணோ காரத் தன்மையுள்ள சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மண்ணை மாற்றிச் சாடியில் வைத்தாலும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டவைக்கும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தானே ஊற்றுகிறோம்? காரத் தன்மை ஏற ஏற மண்ணிலுள்ள இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாமல் போகிறது. மாமர நிழல் வெயிலைத் தடுக்கும். மலைநாட்டுக் குளிரைத் தராது.

நான் வாங்கி நட்ட கன்றுகளின் மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. பங்குனியில் இளம் இலைகளின் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி முழுவதும் மஞ்சளானது. தொலைபேசியில் கேட்டபோது, அடியில் அடுப்புச் சாம்பல் போடும்படி அந்த வியாபாரி சொன்னார். சாம்பல் காரத்தை இன்னும் கூட்டும் என்பது கன்று விற்பவருக்குத் தெரியாதிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். அதன் பின்னர் அழைப்பை எடுக்கவேயில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுத் தொடங்கியதும் எல்லாம் கருகின. பிடுங்கிப் பார்த்தால், அண்மையில் ஊன்றிய தடிகளில் நூல்போல இரண்டொரு வேர்களே இருந்தன. மொட்டோடு நின்ற கிளைகளை வெட்டி ஊன்றி, வளர்ந்த கன்றின் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

வாங்குவதானால் பையைக் கழற்றி வேரைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரின் பெயர், முகவரியுடன் பற்றுச்சீட்டும் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளது. முறைப்பாட்டுக்கு அச்சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அரைநிழலுக்கு நந்தியாவட்டையும் கனகாம்பரமும் இங்கேயே கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது அந்த இடத்தில் நிற்பது நந்தியாவட்டைதான்.