குச்சி வேர்விடும் பெட்டி, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

செடியிலிருந்து வெட்டிய குச்சிகளை நட்டு வேர்விட வைக்கும், அடியில் சூடேற்றும் பெட்டியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் என் பெட்டியின் சென்சாரை இரண்டாம் முறையாக மாற்றியிருந்தேன். அந்தக் கோபம் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டு, கண்ணாடி போன்ற மூடி, அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட்டிங் மேட், தட்டில் நிரப்பும் நடவுக் கலவையின் சூட்டைச் சென்சாரால் அளந்து மேட்டை ஓடவும் நிற்கவும் வைக்கும் ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான் பெட்டி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிச்சூடு அருமையான விஷயம். முன்பெல்லாம் குளிர் மாதங்களில் பத்து ரோஜாக் குச்சி நட்டால் இரண்டு பிழைப்பதே பெரிது. மேலே காற்று குளிர்ந்திருந்தாலும் கலவை 22 முதல் 24 டிகிரியில் நின்றால், குச்சி அவசரப்பட்டுத் துளிர்விடாமல் முதலில் வேர்விடுகிறது. வேர் வரும்வரை இலை இழக்கும் நீரைக் குச்சியால் சரிவர ஈடுகட்ட முடியாது. மூடிக்குள் நிற்கும் ஈரப்பதம்தான் அதுவரை அதைக் காப்பாற்றுகிறது. நான்காம் வாரத்தில் செம்பருத்திக் குச்சியை மெல்ல இழுத்தால் வராமல் பிடித்துக்கொள்ளும். விரலில் அந்தப் பிடி தெரியும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

(வேர்விடத் தூண்டும் ஹார்மோன் தூள் பயன்படுத்துபவர்கள் டப்பாவுக்குள் நேராகக் குச்சியை விடாதீர்கள். ஈரம் பட்டு மொத்தமும் கெடும். கொஞ்சம் தனியாகக் கொட்டித் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிட்டு நடுங்கள்.)

சரி, சென்சாருக்கு வருகிறேன். அதன் ஒயர் விறைப்பானது. உள்ளே போக தட்டில் ஒரு துளைகூட இல்லை. விளிம்புக்கு மேலாகத்தான் இழுக்க வேண்டும், அதனால் மூடி ஒரு பக்கம் தூக்கியே நிற்கும். நீர் தெளிக்க மூடியை எடுக்கும்போதெல்லாம் ஒயர் நிமிர்ந்து, சென்சார் கலவையை விட்டு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்தால் என்ன? அது குளிர்ந்த காற்றை அளக்கும். இன்னும் சூடு வேண்டுமென்று மேட் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு அப்படித்தான் ஆனது. காலையில் திரையில் 19 என்று இருந்தது. கலவைக்குள் வேறொரு தெர்மாமீட்டரைக் குத்தினால் 39. அடுக்குச் செம்பருத்திக் குச்சிகள் 24, எல்லாம் அடியில் கறுத்துக் குழைந்துவிட்டன. தாய்ச்செடி அதற்கு முந்தைய மாதம்தான் வேரழுகிச் செத்திருந்தது. விதை போட்டு அதே பூவை வரவழைக்க முடியாது. குச்சியில் வருவதுதான் தாயின் அச்சு அசலான நகல். அந்த நிறம் என்னிடம் இப்போது இல்லை.

தயாரித்தவர்களுக்கு எழுதினேன். டேப் போட்டு ஒட்டச் சொன்னார்கள். எப்போதும் வியர்த்திருக்கும் பிளாஸ்டிக்கில் எந்த டேப் நிற்கும்?

நியாயமாகச் சொன்னால் மேட் ஒருநாளும் கெட்டதில்லை, மூடியில் விரிசல் இல்லை. என் தோட்டத்து ரோஜாக்களில் பாதி இதில் பிறந்தவை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மேட்டையும் தெர்மோஸ்டாட்டையும் தனியாக வாங்கி, எந்தத் தட்டானாலும் அதில் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் தட்டின் பக்கச் சுவரில், கலவை மட்டத்துக்குக் கீழே ஒரு துளை போட்டு, சென்சாரை அதன் வழியே தட்டின் நடுப்பகுதி வரை நுழையுங்கள். நேற்று மாலை நான் அதைச் செய்தேன். மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக மூடி நாலு பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறது.