கேபிள் டிவி வயரில் வீட்டு நெட்வொர்க்: மோகா 2.5 அடாப்டர், மூன்று ஆண்டுக்குப் பிறகு

அமெரிக்காவில் 1990களில் கட்டிய தனி வீடுகளில் அறைக்கு அறை கோஆக்ஸ் கேபிள் (கேபிள் டிவிக்கான வட்ட வயர்) சுவருக்குள் ஓடும். ஈதர்நெட் வயர் பெரும்பாலும் இருக்காது. மோடம் பேஸ்மென்ட்டில், வேலை பார்க்கும் அறை மாடியில் என்றால் வைஃபை இரண்டு தளம் ஏறுவதற்குள் இளைத்துவிடும். சுவரில் துளை போடாமல் அதே கோஆக்ஸில் டிவி, இணையம், வீட்டு நெட்வொர்க் மூன்றையும் ஓட்டலாம். அதற்கான தொழில்நுட்பம்தான் மோகா. ஒரு கேபிள் மோடம், இரண்டு செட்டாப் பாக்ஸ், இரண்டு மோகா 2.5 அடாப்டர் (ஈதர்நெட் சிக்னலைக் கோஆக்ஸில் ஏற்றி இறக்கும் பெட்டி) என்ற அமைப்பு மூன்று ஆண்டு நிற்காமல் ஓடியதில் தெரிந்தவை இவை.

மூன்றும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாததற்குக் காரணம் அலைவரிசை. கேபிள் டிவியும், கேபிள் இணையத்தின் தரநிலையான டாக்சிஸ் 3.0-இல் வரும் இணையமும் 5 முதல் 1002 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மோகா 1125 முதல் 1675 வரை. 2.5 ஜிகாபிட் போர்ட் உள்ள அடாப்டரில் ஒரு திசையில் 2.3 ஜிகாபிட் வரை கிடைக்கிறது. 1 ஜிகாபிட் போர்ட் என்றால் 940 மெகாபிட்டோடு நின்றுவிடும். பிங், அதாவது சிக்னல் போய்வரும் நேரம், 3 முதல் 4 மில்லிசெகண்ட் கூடும். வீடியோ அழைப்பில் அது தெரியவே தெரியாது.

அடாப்டர் வாங்கும்போது எல்லோரும் பிராண்டை ஒப்பிடுகிறார்கள். இணைப்பின் தரத்தை முடிவு செய்வது ஒரு கேபிளைப் பல அறைக்குப் பிரித்துக் கொடுக்கும், பேஸ்மென்ட்டில் தூசி படிந்து கிடக்கும் ஸ்ப்ளிட்டர்தான். பழைய ஸ்ப்ளிட்டரின் முதுகில் "5–900" அல்லது "5–1000 மெகாஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருக்கும். டிவி அதில் பளிச்சென்று வரும், மோகா மட்டும் திணறும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் மோகா சிக்னல், ஸ்ப்ளிட்டரின் ஒரு வெளியீட்டில் நுழைந்து அடுத்த வெளியீட்டில் வெளியேற வேண்டும். சாதாரண ஸ்ப்ளிட்டர் அந்தப் பாதையைத் தடுப்பதற்கென்றே செய்தது. 1675 வரை குறிப்பிட்ட மோகா ஸ்ப்ளிட்டரில் அந்த அலைவரிசைக்கு வழி விட்டிருப்பார்கள். எத்தனை அறைக்குத் தேவையோ அத்தனை வாய் உள்ளதை மட்டும் வாங்குங்கள்: இரண்டு வாய் என்றால் இழப்பு சுமார் 3.5 டெசிபெல், நான்கு வாய் என்றால் 7. சும்மா இருக்கும் வாயை 75 ஓம் டெர்மினேட்டர் போட்டு மூடுங்கள். சுவர்ப் பிளேட்டைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். அங்கே ஒரு பழைய ஸ்ப்ளிட்டர் ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

வீட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்தில், முதல் ஸ்ப்ளிட்டரின் உள்ளீட்டு வாயில் பிஓஇ (பாயின்ட் ஆஃப் என்ட்ரி, நுழைவிட) ஃபில்டர் ஒன்று கட்டாயம். விரல் நீள உலோகக் குழாய், சில டாலர்தான் விலை. உங்கள் நெட்வொர்க் தெருக் கேபிள் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் அது தடுக்கும்; வெளியே போகப் பார்க்கும் சிக்னலை உள்ளே திருப்பியும் விடும். இதோடு அடாப்டரில் மோகா பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். ஃபில்டரைத் தவறிப்போய் ஓர் அறைக்குப் போகும் கிளையில் மாட்டினால் அந்த அறையில் டிவி ஓடும், அடாப்டரின் கோஆக்ஸ் விளக்கு மட்டும் எரியாது. வழியில் சாதாரண சிக்னல் பூஸ்டர் இருந்தாலும் இதே அறிகுறிதான். பூஸ்டர் இல்லாமல் முடியாது என்றால் மோகாவுக்கு வழிவிடும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

டாக்சிஸ் 3.1 மோடம் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் எல்லை 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம். அங்கே மோகாவோடு மோதும். கேபிள் நிறுவனம் 1002-க்கு மேலே போகாத ஊரிலும் சில மோடங்கள் மோகா சிக்னலைக் கண்டு தடுமாறி இணைப்பை விட்டுவிடுகின்றன. அதற்கு மோடத்தின் கோஆக்ஸ் வாயில் இரண்டாவது ஃபில்டர் போட்டால் போதும். 1002-ஐத் தாண்டும் ஊரில் அது உதவாது, ஏனென்றால் இணைய சிக்னலையே வெட்டிவிடும். அங்கே வெளியிலிருந்து வரும் கேபிளை முதலில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக மோடத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் மற்றதில் மட்டும் ஃபில்டரைப் போட வேண்டும்.

இன்னொரு சிக்கல் வீட்டு நெட்வொர்க்கையே படுக்க வைத்துவிடும். கேபிள் நிறுவனம் வாடகைக்குத் தரும் சில கேட்வேக்களுக்குள்ளேயே (மோடமும் ரவுட்டரும் சேர்ந்த பெட்டி) மோகா இருக்கும். அது இயங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தனி அடாப்டரை வைத்து ஈதர்நெட்டிலும் இணைத்தால் அவை இரண்டுக்கும் இடையே கோஆக்ஸ், ஈதர்நெட் என்று இரண்டு பாதை உண்டாகும். பாக்கெட்டுகள் வட்டமாகச் சுற்றும், எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கும், வைஃபை உட்பட அனைத்தும் நின்றுவிடும். கேட்வேயின் மோகாவை அணைத்துவிடுங்கள், அல்லது அங்கே தனி அடாப்டரை வைக்காதீர்கள்.

நாள்பட நாள்பட ஏற்பட்ட கோளாறுகளில் பெரும்பாலானவை கனெக்டரில்தான். கேபிள் முனையில் திருகி மாட்டும் வகை எஃப் கனெக்டர் சில ஆண்டில் தளர்ந்துவிடும். அதை வெட்டியெறிந்து, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகை போடுங்கள். கேபிள் முனையைச் சீவி, நடுக்கம்பியையும் அதன் வெள்ளை இன்சுலேஷனையும் சம அளவில், கால் அங்குலம் கால் அங்குலமாக விட வேண்டும். இன்சுலேஷனைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலைப் பின்பக்கம் மடித்து, வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாகும்வரை தள்ளி, கருவியால் அழுத்துங்கள். நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் சரி. முடியளவு பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலே இணைப்பு செத்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஒரு சின்னத் திருகு போதும்.

அடாப்டர் எப்போதும் கதகதப்பாகத்தான் இருக்கும். துணிக்கும் புத்தகத்துக்கும் இடையே செருகாமல் காற்றுப்பட வையுங்கள். முதல் நாளே அதன் நிலைப் பக்கத்தைத் திறந்து, இரு முனைக்கும் இடையே காட்டும் பிஎச்ஒய் வேகத்தை (வயரில் அடாப்டர்கள் பேசிக்கொள்ளும் மூல வேகம்) குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வயரிங்கில் அது 3500 மெகாபிட்டை ஒட்டி இருக்கும். அது ஒரு நாள் சட்டென்று இறங்கினால் அடாப்டரைச் சந்தேகிக்கும் முன், கடைசியாகக் கைபட்ட கனெக்டரைப் பாருங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் கேபிள் ஆபரேட்டரின் செட்டாப் பாக்ஸ் 862 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாததால் அந்த வயரில் மோகா ஓடும். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் டிடிஎச் வயர் வேறு கதை: அதில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை டிவி சிக்னலே நிரம்பியிருக்கும். அங்கே மோகாவுக்குத் தனியாக ஒரு ஆர்ஜி-6 கோஆக்ஸ் வயர் இழுக்க வேண்டும். அப்படிப் புதிதாக இழுப்பதென்றால் அதே செலவில் கேட்-6 ஈதர்நெட் வயரே போட்டுவிடலாம், அடாப்டரே தேவைப்படாது.