கைரேகை பார்த்து ஏடிஎச்டி (கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்புக் கோளாறு) சொல்கிறார்களாம்: 2,850 வெள்ளி போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) இருக்கிற மலேசியாவில் 2,850 வெள்ளியை ஏமாந்து கொடுத்தாயிற்று. சுங்கை சிப்புட் பக்கத்துப் பெற்றோர் யாரும் இதில் விழ வேண்டாம்.

கடைவரிசை மாடியில் ஒரு ‘குழந்தை மூளை வளர்ச்சி மையம்’. எங்கள் எட்டு வயதுப் பெண்பிள்ளை வகுப்பில் உட்காருவதில்லை, எழுத்தும் ஏறவில்லை என்றுதான் போனது. வெள்ளைக் கோட்டுப் பெண் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, “கவலப்படாதீங்கக்கா, இன்னிக்கே தெரிஞ்சிரும். கவர்மெண்டுக்குப் போனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிக் கொடுத்திருவாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். 1911-லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், நம்மவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே வசவு. விற்பனைக்கு அந்தப் பயம் போதும்.

ரிப்போர்ட்டுக்கு 850, 12 அமர்வு பேக்கேஜுக்கு முன்பணம் 2,000.

பத்து விரலையும் ஸ்கேன் செய்தார்கள். தலையில் ஒயர் வைத்த பட்டை. பிறகு டேப்லெட்டில் கேள்விகள், அத்தனையும் ஆங்கிலத்தில்! தமிழும் கொஞ்சம் மலாயும் மட்டும் பேசுகிற பிள்ளை, புரியாமல் விழித்ததெல்லாம் ‘கவனக்குறைவு’ ஆகிவிட்டது. நாற்பதே நிமிடம். 18 பக்கக் கலர் ரிப்போர்ட்டில் ‘ஏடிஎச்டி 74 விழுக்காடு’. பதினோராம் பக்கத்தில் பெண்பிள்ளை ஆண்பிள்ளையாகிவிட்டாள். யாருடைய ரிப்போர்ட்டிலிருந்து வெட்டி ஒட்டினார்களோ!

ஏடிஎச்டியை விழுக்காட்டில் சொல்ல முடியாது. கைரேகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. அறிகுறிகள் 12 வயதுக்குமுன் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் 6, அல்லது அடங்காத துறுதுறுப்புக்கான 9 அறிகுறிகளில் 6 இருக்க வேண்டும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தனித்தனி ஃபாரம் கொடுப்பது இதற்காகத்தான். இங்கே ஆசிரியரை யாரும் கேட்கவேயில்லை. காது, கண் சோதிக்கவில்லை. ராத்திரி குறட்டை விடுகிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. காதுக்குள் நீர் கோத்த பிள்ளையும், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீங்கிச் சரியாகத் தூங்காத பிள்ளையும் வகுப்பில் இப்படித்தான் இருக்கும். சில நொடி வெறித்துப் பார்க்கிற வலிப்பு வகையும் உண்டு. அந்தப் பிள்ளை ‘கனவு காணுது’ என்று அடி வாங்கும்.

ஓ.கே.யூ. அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை) மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். இந்த ரிப்போர்ட்டில் சோதித்தவர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை, ஒரு ரப்பர் முத்திரை மட்டும். பணத்தைக் கேட்டால் “மேனேஜர் கே.எல். போயிருக்காரு”. அடுத்த வாரம் “பேக்கேஜ் கட்டினா திருப்பிக் கொடுக்கிறதில்லக்கா”. அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை. 2,850 வெள்ளி!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குங்கள், 1 வெள்ளி. நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். தவணை கிடைக்க நாளாகும். அதற்குள் ஆசிரியரிடம் பிள்ளையைப் பற்றி எழுதி வாங்கிவையுங்கள். தனியார் மருத்துவ உளவியலாளர் என்றால் பதிவு எண் கேளுங்கள், 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கப் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்துக்கு 5 வெள்ளி கட்டணம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். மருத்துவத் தொழிலர் சேவை பற்றிய புகாரை அது எடுக்காது. இவர்கள் அந்தத் தொழிலே இல்லை என்பதுதான் நம் வழக்கு. ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.