லவுடனா, ஃபேர்ஃபாக்ஸா?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி, வர்ஜீனியா பக்கம் வேலை கிடைத்தவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது: லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் இரண்டில் எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு பார்ப்பது?

அலுவலகம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலுள்ள டைசன்ஸிலோ ரெஸ்டனிலோ என்றால் ஃபேர்ஃபாக்ஸ் வசதி. 2014 முதலே அந்த இரண்டு ஊர்களுக்கும் மெட்ரோ ஓடுகிறது. பல வீடுகள் பழையவை. ஆனால் தெருவெல்லாம் வளர்ந்த மரங்கள்.

லவுடனின் வேகமே வேறு. 2000-இல் சுமார் 1.7 லட்சம் பேர், 2020-இல் 4.2 லட்சம். அங்குள்ள ஆஷ்பர்னில் எங்கே திரும்பினாலும் டேட்டா சென்டர்கள் (இணையத் தரவைச் சேமிக்கும் கணினிக் கூடங்கள்): ஜன்னலே இல்லாத நீண்ட சுவர்கள், கூரையில் குளிரூட்டிகளின் இரைச்சல். சிலவற்றை வீடுகளுக்கு இவ்வளவு அருகே கட்ட விட்டிருக்கக் கூடாது. ஆனாலும் அவை கட்டும் வரியால்தான் வீட்டு வரி குறைவு. 2024-இல் வீட்டின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் லவுடனில் 86.5 சென்ட், ஃபேர்ஃபாக்ஸில் 112.5 சென்ட்.

அப்புறம் சாலை. லவுடனிலிருந்து ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் போகும் டலஸ் கிரீன்வே தனியார் சுங்கச்சாலை. தினமும் போனால் வரியில் மிச்சமானது அங்கே கரைந்துவிடும். 2022 நவம்பரில் மெட்ரோ ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டதால் இப்போது மாற்று வழி உண்டு. கார் வரி, எந்தக் கவுண்டியில் இருந்தாலும் கட்டியாக வேண்டும்.

தினமும் அலுவலகம் போக வேண்டியவர்களுக்கு ஃபேர்ஃபாக்ஸ்தான் சரி. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக, டேட்டா சென்டருக்குத் தள்ளி, லவுடனில் பாருங்கள்.